அடிமண் இழந்த பள்ளி: ஹஷிமா தீவின் 70ஆம் எண் கட்டடம்

ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்திலிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது ஹஷிமா. ஆறரை ஹெக்டேர்கூடத் தேறாத தீவு. அதன் வட பகுதியில், கடல்சுவரை ஒட்டி, 70 என்று எண்ணிடப்பட்ட ஏழு தளக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி இரண்டும் அதற்குள்தான் நடந்தன. 1958-ல் கட்டினார்கள், 1974-ல் மூடினார்கள். பதினாறு ஆண்டு பிள்ளைகள் படித்த கட்டடம், அரை நூற்றாண்டாக ஆளில்லாமல் கிடக்கிறது.

இந்தத் தீவைப் பற்றி இணையத்தில் தேடினால் 'பேய்த் தீவு', 'மர்மத் தீவு' என்றுதான் வந்து கொட்டும். உண்மையில் இங்கே மர்மம் என்று ஒன்றும் இல்லை. மக்கள் ஏன் வந்தார்கள், பள்ளி ஏன் ஏழு மாடிக்குப் போனது, ஒரே வசந்தத்தில் ஏன் ஊர் காலியானது, கட்டடத்துக்கு அடியில் மண் ஏன் இல்லை: எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்குத் தேதியும் இருக்கிறது. 'காலம் தின்றுவிட்டது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே தின்றது உப்பும் அலையும். அவற்றைத் தடுத்து நிறுத்த யாரும் செலவு செய்யாமல் போனதும் சேர்த்துத்தான்.

ஒரு பாழடைந்த பள்ளியை ஆராய்வதென்றால் வகுப்பறைக்குள் போய்ப் படமெடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹஷிமாப் பள்ளி அதற்கு இடம் தராது, உள்ளே போகவே முடியாது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தே இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிற இடிபாடு வேறு எனக்குத் தெரியாது.

தரை எப்படி வந்தது

பள்ளியின் கதையைப் பள்ளியிலிருந்து தொடங்கினால் புரியாது. அது நிற்கும் தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹஷிமா முதலில் சுமார் 320 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்ட வெறும் பாறைத் திட்டு. கடலுக்கு அடியில் உயர்தர நிலக்கரி இருந்தது. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய, கோக் (எஃகு உலையில் எரிக்கும் சுட்ட கரி) செய்யத் தோதான கரி. 1890-ல் மிட்சுபிஷி நிறுவனம் ஒரு லட்சம் யென்னுக்குத் தீவை வாங்கியது. சுரங்கம் தோண்டத் தோண்ட வெளியே வந்த கழிவுக் கல்லைப் பாறையைச் சுற்றிக் கொட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, தீவையே பெரிதாக்கினார்கள். 1897 முதல் 1931 வரை ஆறு கட்டமாக இந்த வேலை நடந்தது. கடைசியில் தீவு 480 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம் ஆனது. இன்றைய பரப்பில் பாதிக்கும் மேல் மனிதர்கள் கொட்டி நிரப்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய கடல்சுவர்கள் கல்லை அடுக்கி, சுண்ணாம்பும் செம்மண்ணும் கலந்த காரையால் இணைத்தவை. பின்னால் அவற்றின் மேல் கான்கிரீட் பூசி உயர்த்தினார்கள். சில இடங்களில் கான்கிரீட் பெயர்ந்து விழுந்துவிட, உள்ளேயிருந்த பழைய காரைச்சுவர் மறுபடி வெயிலைப் பார்க்கிறது. படங்களில் தேடிப் பாருங்கள், சிவந்த பட்டையாகக் கல்லுக்கு நடுவில் தெரியும்.

கரி எடுக்கும் வேலை கிழக்குப் பக்கம். குடியிருப்புகள் மேற்குப் பக்கம், அதாவது திறந்த கடலைப் பார்த்து. புயல் காலத்தில் அலைகள் கடல்சுவரைத் தாண்டி விழும்போது அந்த அடுக்குமாடிகளே சுரங்கத்துக்கு அரண். யாரும் இதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டார்கள். 1916-ல் கட்டிய 30ஆம் எண் கட்டடம், ஜப்பானின் முதல் பெரிய கம்பி கான்கிரீட் அடுக்குமாடி என்று கருதப்படுவது, இந்தத் தீவில்தான் இருக்கிறது. கடலிலிருந்து பார்த்தால் இந்தக் கட்டடங்களின் விளிம்புக்கோடு 'டோசா' என்ற போர்க்கப்பலைப் போலத் தெரிந்தது. 1920-களின் தொடக்கத்திலேயே செய்தித்தாள் ஒன்று அப்படி எழுத, 'குன்கன்ஜிமா', போர்க்கப்பல் தீவு, என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்குக் கிடைத்தது வட பகுதி. நடுப்பாறையின் முதுகில் இடம் இல்லை. அங்கே மேலதிகாரிகளின் வீடுகள். நிரப்பிய தரையில், விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில், மருத்துவமனையையும் தீவின் மிகப்பெரிய குடியிருப்பான 65ஆம் எண் கட்டடத்தையும் அண்டைவீடாகக் கொண்டு பள்ளி எழுந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த இட ஒதுக்கீடே வித்து.

ஏழு தளம் ஏன்

தீவில் பள்ளி 1958-ல் புதிதாக வந்ததில்லை. 1893-லேயே நிறுவனம் தன் செலவில் ஒரு தொடக்கப்பள்ளி நடத்தியது. பிறகு அது கிராம நிர்வாகத்தின் பொதுப்பள்ளி ஆனது. 70ஆம் எண் கட்டடம் அந்த வரிசையில் கடைசி.

அது கட்டப்பட்ட நேரத்தைப் பாருங்கள். 1959-ல் தீவின் மக்கள்தொகை 5,259. ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் எண்பத்து மூவாயிரத்துக்கும் மேல். சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் பள்ளி வயதில் இருந்தார்கள். பக்கவாட்டில் விரிய ஒரு அடி நிலம் இல்லை. மேலே போவது தவிர வழியில்லை.

கீழிருந்து நான்கு தளங்கள் தொடக்கப்பள்ளிக்கு. அதற்கு மேலே நடுநிலைப்பள்ளி, ஆறாம் தளத்தில் கூட்ட அரங்கு. சின்னப் பிள்ளைகள் கீழே, வளர்ந்தவர்கள் மேலே. ஏழாம் தளத்தை மட்டும் எஃகுச் சட்டத்தில் பிறகு ஏற்றினார்கள். பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடக் கூடியதற்கு அந்த மேல்தளமே சாட்சி. இன்றைக்குப் படங்களில் பார்த்தால் கீழ்த் தளங்களின் கான்கிரீட் பெட்டி உருவம் கலையாமல் நிற்கிறது. உச்சியில் மட்டும் துருவேறிய எலும்புக்கூடு. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு பொருளில் கட்டியவை என்பது தொலைவிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

ஏழு மாடி ஏறுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். அவர்கள் வீடே ஒன்பதாம் மாடியில் இருந்திருக்கலாம். அந்த உயரக் குடியிருப்புகளில் லிஃப்ட் கிடையாது. 65ஆம் எண் கட்டடத்தின் மொட்டைமாடியில் மழலையர் பள்ளி நடந்தது. மண்ணையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்காக 1960-களில் வேறு சில கட்டடங்களின் மொட்டைமாடியில் நிலப்பகுதியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டித் தோட்டம் போட்டார்கள். குடிநீரும் அப்படித்தான். 1957-ல் கடலடிக் குழாய் வரும்வரை கப்பலில் வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குடியிருப்பில் மேல்-கீழ் வரிசை கறாராக இருந்தது. உச்சியில் இருந்த அதிகாரிகளின் வீடுகளில் தனிக் குளியலறை, மற்றவர்களுக்குப் பொதுக் குளியலறை. பள்ளி மட்டும் தீவுக்கு ஒன்றே ஒன்று. அதிகாரி பிள்ளையும் கரி வெட்டுபவர் பிள்ளையும் ஏறிய படிக்கட்டு அதுதான். அந்த வாழ்க்கையை நினைவுகூரும் முன்னாள் குடிவாசிகள் பள்ளியின் விளையாட்டு விழாவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவதில் வியப்பில்லை. மைதானம் என்று தீவில் இருந்ததே அந்த ஒன்றுதான்.

நூறு நாளுக்குள் காலியான ஊர்

1960-களில் ஜப்பான் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியது. நாடு முழுவதும் சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஹஷிமாவில் அதற்கு மேலும் ஒரு அடி. 1964-ல் சுரங்கத்தின் ஆழப் பகுதியில் தீப்பிடித்தது. அணைக்க வேறு வழியில்லாமல் அந்தப் பகுதிக்குள் நீரை விட்டு மூழ்கடித்தார்கள். மக்கள்தொகை அப்போதே சரியத் தொடங்கியது. அடுத்த ஆண்டு புதிய பகுதியில் கரி எடுக்க ஆரம்பித்து இன்னும் ஒன்பது ஆண்டு ஓட்டினார்கள். 1891 முதல் மொத்தம் ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் கரி எடுத்தாயிற்று.

1974 ஜனவரி 15 அன்று சுரங்கத்தை மூடும் விழா. அப்போது தீவில் எஞ்சியிருந்தவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில். ஏப்ரல் 20 அன்று கடைசிக் குடும்பங்கள் படகேறின. நடுவில் மார்ச் மாதம். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். பிள்ளைகள் ஆண்டை முடித்துவிட்டு, அடுத்த வகுப்பை வேறு ஊரில் தொடங்க முடிந்தது.

திடீரென்று ஓடிப்போனவர்கள் விட்ட பள்ளி இது என்ற கற்பனை இங்கேயே நொறுங்கிவிடுகிறது. உயிருக்குப் பயந்து யாரும் ஓடவில்லை. விழா நடத்தி, கணக்கு முடித்து, மூட்டை கட்டிப் போனார்கள். படகில் ஏற்ற முடியாததையும் புதிய வீட்டில் இடம் இல்லாததையும் விட்டுப் போனார்கள். குடியிருப்புகளில் இன்றைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகள் கிடப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

தீவு நிறுவனத்தின் சொத்து. நிறுவனத்துக்குத் தீவில் வேலை இல்லை. அதுவரை ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கடல்சுவரைச் சரிபார்த்து அடைத்துக்கொண்டிருந்தவர்கள் கரி எடுப்பதற்காக அதைச் செய்தார்கள். கரி நின்றதும் கொத்தனாரும் நின்றார். 2001-ல் தீவு தகாஷிமா ஊராட்சிக்குக் கைமாறியது, 2005-ல் அந்த ஊராட்சி நாகசாகி மாநகரத்தோடு இணைந்தது. இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கட்டடங்களுக்குப் பொறுப்பாளர் என்று பெயரளவில்தான் ஒருவர் இருந்தார்.

அடியில் மண் இல்லை

இப்போது இந்த ஆய்வின் மையத்துக்கு வருவோம். 70ஆம் எண் கட்டடத்தின் கீழ்ப்பகுதிப் படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் ஒரு கணம் குழம்பிப்போவார்கள். தரைத்தளச் சுவர் முடிகிற இடத்தில் தரை இருக்க வேண்டும். அங்கே வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தில் வரிசையாகச் சில தூண்கள். அவை கட்டடத்தின் தூண்கள் கிடையாது, பூமிக்குள் புதைந்திருக்க வேண்டிய பைல்கள், அதாவது அஸ்திவாரத்துக்காக ஆழமாக இறக்கிய கால்கள். கண்ணில் படவே கூடாத உறுப்பு வெளியே நிற்கிறது.

நடந்தது இதுதான். நிரப்பிய தரை என்பதால் நேரடியாக அஸ்திவாரம் போட முடியாது. அதனால் பைல் இறக்கி, அதன் தலையில் கட்டடத்தை நிறுத்தினார்கள். பராமரிப்பு நின்ற பிறகு புயல் அலைகள் கடல்சுவரை உடைத்தன. உடைந்த இடத்தின் வழியே உள்ளே வந்த நீர் திரும்பிப் போகும்போது நிரப்பிய கல்லையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு புயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. மலைப்பாறையாக இருந்தால் இப்படி அரித்திருக்காது. கொட்டியதைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்படியானால் கட்டடம் ஏன் விழவில்லை? ஏனென்றால் அதன் எடை எப்போதுமே மண்ணின் மேல் இருந்ததில்லை. பைல் வழியாகக் கீழே உறுதியான அடுக்குக்குப் போனது. மண் போனாலும் அந்தப் பாதை அறுபடவில்லை. ஆனால் மண்ணுக்கு வேறொரு வேலை இருந்தது. மணலில் ஆழ ஊன்றிய பந்தல்காலைச் சுற்றி மணலை அள்ளிவிட்டால், கால் நிற்கும், ஆனால் தள்ளினால் ஆடும். பைலைச் சுற்றி இருந்த மண்தான் அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. பிடிப்பு போனதும் பைல் மெலிந்து நீண்ட தூணாகிவிடுகிறது. நேர்க் குத்தான எடையைத் தாங்கும், புயல் காற்றும் நிலநடுக்கமும் பக்கத்திலிருந்து தள்ளும்போது நிலைமை வேறு. போதாக்குறைக்கு, மண்ணுக்குள் காற்றுப்படாமல் இருந்த கான்கிரீட் இப்போது உப்புத் தெளிப்புக்கு நேராகத் திறந்து கிடக்கிறது.

கட்டடம் நிற்கிறதே என்று ஆச்சரியப்படுவோரும் உண்டு, இதோ விழப்போகிறது என்று பதறுவோரும் உண்டு. இரண்டு பேருக்கும் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 1958-ல் பைல் போட முடிவெடுத்த பொறியாளர் தன் மண்ணை நம்பவில்லை. அந்த அவநம்பிக்கை வீண்போகவில்லை.

கம்பியின் கணக்கு

அடியில் இருப்பது அலை அரிப்பு. மேலே நடப்பது இன்னும் மெதுவான, இன்னும் கொடூரமான வேலை.

கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி, துருப்பிடிக்காமல் காக்கும். அதைக் கெடுக்க இரண்டு வழி உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவிக் காரத்தைக் குறைப்பது ஒன்று. கடல் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போய், காரம் இருக்கும்போதே படலத்தை உடைப்பது இன்னொன்று. ஹஷிமாவில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. உப்பின் அளவைச் சொல்ல வேண்டுமானால், குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு தெருவுக்கு 'உப்பு நீர் பொழியும் தெரு' என்ற பொருளில்தான் பெயர். கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரக் கடல்சுவரைத் தாண்டி வந்து விழும் அலைத்துளிகள் அங்கே வாடிக்கை.

கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு கூடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், உள்ளிருந்து வரும் விரிசலைத் தாங்காது. முதலில் பீமின் அடிப்பக்கத்தில், கம்பி ஓடும் திசையிலேயே முடி போல ஒரு கீறல். அந்தக் கீறலில் துருநீர் இறங்கிப் பழுப்புக் கோடு போடும். பிறகு கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். கம்பி வெளியே வந்ததும் வேகம் கூடும். சுற்றுக்கம்பிகள் மெலிந்தவை என்பதால் அவை முதலில் அறுந்துபோகும். அவை போன பிறகு நெடுக்கு ஓடும் கம்பிகளைக் கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்கள் யாருக்கும் இந்த வரிசை புதிதாக இருக்காது.

பள்ளிக் கட்டடத்துக்கு இதில் கூடுதல் பலவீனம் ஜன்னல்கள். வகுப்பறைக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே சுவரில் பெரும்பகுதி ஜன்னல். கண்ணாடி உடைந்த நாளிலிருந்து உப்புக்காற்று கட்டடத்தின் உள்ளே தங்கிவிட்டது. வெளிச்சுவரை மழையாவது அவ்வப்போது கழுவும். உள்ளே படியும் உப்பைக் கழுவ யாரும் இல்லை.

இதையெல்லாம் ஊகமாகச் சொல்லவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நொகுச்சி தகாஃபுமி போன்ற கான்கிரீட் ஆய்வாளர்கள் இந்தத் தீவைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். பராமரிப்பே இல்லாமல், 1916 முதல் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள் ஒரே உப்புக்காற்றில் வரிசையாக நிற்கும் இடம் உலகில் அபூர்வம். முடிவு எப்படி வரும் என்பதற்கு முன்மாதிரியும் கிடைத்துவிட்டது. 30ஆம் எண் கட்டடத்தின் பகுதிகள் 2020 மார்ச்சிலும், பின் அதே ஆண்டு ஜூனிலும் சரிந்து விழுந்தன. 104 ஆண்டு வயது அப்போது அதற்கு. 70ஆம் எண் அதைவிட 42 ஆண்டு இளையது, ஆனால் அடிமண் இல்லாதது. இரண்டு வயதையும் ஒப்பிட்டு ஆறுதல் அடைய முடியாது.

பார்ப்பது எப்படி

2009 ஏப்ரல் முதல் பொதுமக்கள் இறங்க அனுமதி உண்டு. தென்பக்கத்தில் வேலி போட்ட நடைபாதை, இருநூறு மீட்டர் சொச்சம். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினாலோ, அலை அரை மீட்டருக்கு மேல் எழுந்தாலோ, பார்வைத் தொலைவு 500 மீட்டருக்குக் குறைந்தாலோ படகு கரை சேராது. முதல் பார்வையிடத்திலிருந்து வடக்கே பார்த்தால், கரி கொண்டுபோன நகரும் பட்டையை (கன்வேயர்) தாங்கிய கான்கிரீட் கால்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசை முடியும் திசையில் பள்ளி. அவ்வளவுதான் கிடைக்கும், கிட்டே போக வழியில்லை.

இந்தத் தடையை ஏமாற்றமாக நினைப்பவர்கள் உண்டு. திருட்டுத்தனமாகப் போய்வந்தவர்களின் படங்களும் உலவுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. ஆள் புழங்கிய இடிபாட்டின் உட்புறப் படம் நம்பகமான சான்று ஆகாது. செர்னோபில் அருகே பிரிப்யாத் நகரின் 3ஆம் எண் பள்ளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், தரையெங்கும் எரிவாயு முகமூடிகள். 1986 விபத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பனிப்போர்க் காலப் பாதுகாப்புப் பயிற்சிக்காகப் பள்ளியில் வைத்திருந்த கையிருப்பு அது. நகரம் காலியான பின் வந்தவர்கள் இழுத்துப் போட்டதும், பொம்மைக்கு முகமூடி மாட்டி ஜன்னலோரம் உட்காரவைத்ததும்தான் நாம் பார்க்கும் காட்சி. ஹஷிமாவில் மேசைமேல் நேராக வைத்த காலணியைப் படத்தில் பார்த்தால் நான் முதலில் கேட்பது, யார் வைத்தது என்பதையே.

மாறாக, அளவெடுப்புகள் பொய் சொல்வதில்லை. தீவு காலியான பிறகு டோக்கியோ டென்கி பல்கலைக்கழகத்தின் அகுயி யோஷிதாகாவும் குழுவினரும் கட்டடங்களை அளந்து, தள வரைபடம் போட்டார்கள். யார் வீடு எவ்வளவு அகலம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது அந்த உழைப்பால். பிற்காலத்தில் நாகசாகிப் பல்கலைக்கழகத்தினர் தீவின் முப்பரிமாணப் பதிவை உருவாக்கினார்கள். 2013-ல் கூகுள் வீதிக்காட்சிக் கேமராவைச் சுமந்துகொண்டு ஒருவர் தடைசெய்த பகுதிகளுக்குள்ளும் நடந்தார். வீட்டிலிருந்தபடியே பார்க்க விரும்புவோருக்கு அதுவே சிறந்த வாசல். பார்க்கும்போது உடைந்த பொருட்களை விட்டுவிட்டுச் சுவர், பீம், தரை என்ற வரிசையில் கண்ணை ஓட்டினால் மேலே சொன்ன கீறல், பழுப்புக் கோடு, பெயர்ந்த பலகை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

பள்ளிக் கதையில் வராதவர்கள்

ஹஷிமாவின் பள்ளியை மட்டும் பேசினால் தீவு இனிமையான ஊராகத் தெரியும். விளையாட்டு விழா, மொட்டைமாடித் தோட்டம், நெருக்கமான அண்டைவீட்டார். அதில் பொய்யில்லை, ஆனால் அது 1950, 60-களின் தீவு. போர்க் காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் இங்கே கொண்டுவந்து கட்டாய வேலை வாங்கினார்கள். கடலடியில், வெக்கையும் எரிவாயுவும் நிறைந்த குடைவுகளில். 2015-ல் தீவு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேரும் தருணத்தில், 1940-களில் பலர் தம் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டுக் கடும் சூழலில் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள் என்று ஜப்பான் தூதர் உலகப் பாரம்பரியக் குழுவின் அவையில் ஒப்புக்கொண்டார். அதை விளக்கும் ஏற்பாடு செய்வதாகவும் உறுதியளித்தார்கள். செய்தது போதவில்லை என்று 2021-ல் பாரம்பரியக் குழு கடுமையாக வருந்தித் தீர்மானம் போட்டது.

70ஆம் எண் கட்டடம் போர் முடிந்து 13 ஆண்டு கழித்து வந்தது. எனவே அந்த வரலாற்றுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று ஒதுக்கலாம்தான். ஆனால் அதைக் கட்டிய நிலத்தையும் நிறுவனத்தையும் வளர்த்ததில் அந்த உழைப்பும் உண்டு. பள்ளியைத் தீவின் முகமாக வைத்துச் சொல்லும் கதைகள், தேதியின் வசதியால் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பட்டியலில் இல்லாத கட்டடம்

ஜப்பானில் மூடிய பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. 2002 முதல் 2020 வரையான கல்வியாண்டுகளில் மட்டும் 8,580 பொதுப்பள்ளிகள் மூடப்பட்டன என்கிறது அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் கணக்கு. கட்டடம் எஞ்சியிருப்பவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று ஏதோ ஒரு பயன்பாட்டில் உள்ளன. ஜப்பானின் கொச்சி மாநிலம் முரோட்டோவில் ஒரு தொடக்கப்பள்ளி 2018-ல் மீன்காட்சியகமாகத் திறந்தது. பழைய 25 மீட்டர் நீச்சல் குளத்தில் இன்று ஆமைகளும் சுறாக்களும் சுற்றுகின்றன. அந்தப் பள்ளிக்கு ஊரும் சாலையும் அடுத்த வேலையும் கிடைத்தன. ஹஷிமாவில் மூன்றும் இல்லை.

சரி, உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்றே, காப்பாற்றிவிடுவார்கள் என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். ஹஷிமா பட்டியலில் சேர்ந்தது 'மெய்ஜி தொழிற்புரட்சித் தலங்கள்' என்ற தொகுப்பின் உறுப்பாக. அந்தத் தொகுப்பின் காலவரை 1850-களிலிருந்து 1910 வரை. தீவில் அந்தக் காலத்துக்கு உரியவை சுரங்கக் குழியின் எச்சங்களும், செம்மண் காரை போட்ட பழைய கடல்சுவர்களும்தான். மக்கள் படகேறி வந்து பார்க்கும் அடுக்குமாடிகள் காலவரைக்கு வெளியே. 1916-ன் 30ஆம் எண் கட்டடமே சில ஆண்டு பிந்திவிட்டது, 1958-ன் பள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் மாநகர நிர்வாகத்தின் இடத்தில் நின்று பார்த்தால் முன்னுரிமை வேறு மாதிரி அமைய வழியில்லை. கடல்சுவர் நிற்காவிட்டால் அதற்குள் இருப்பது எதுவும் நிற்காது. கட்டடத்துக்குக் கட்டடம் கம்பியை மாற்றிக் கான்கிரீட் போடத் தொடங்கினால் செலவும் தாங்காது, மிஞ்சுவதும் பழைய கட்டடமாக இருக்காது. சுவரை முதலில் காப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 70ஆம் எண் கட்டடத்தின் பைல்களை வெளியே கொண்டுவந்தது உடைந்த சுவர்தான் என்பதால், சுவரைக் காப்பதே பள்ளிக்கும் கிடைக்கக்கூடிய பெரிய உதவி. மண்ணைத் திரும்பக் கொட்டினாலும் சுவர் பிடிக்காவிட்டால் அது அடுத்த புயலுக்குத்தான் தீனி.

எனக்கு மனம் ஒப்பாதது ஒன்றே. விளக்கப் பலகைகளும் சுற்றுலாப் படகின் ஒலிபெருக்கியும் பள்ளியைக் காட்டித்தான் ஆளை வரவழைக்கின்றன. பட்டியல் ஆவணத்தின்படியோ அந்தப் பள்ளி நாளைக்கே கடலில் சரிந்தாலும், தீவின் 'தனிச்சிறப்பான உலகளாவிய மதிப்பு' என்று எழுதி வைத்திருப்பதில் ஒரு வரியும் மாறாது. படகில் போகிறவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை.